கேயாஸிலிருந்து கேஸ்: ஒரு டச்சுச் சொல்லின் பிறப்புச் சான்றிதழ்

போன மாசம் எங்க குடும்ப வாட்ஸாப் குழுவுல சித்தப்பா ஒரு ஃபார்வர்டு போட்டார். பத்துப் பதினைந்து ஆங்கிலச் சொற்களின் பட்டியல். எல்லாமே தமிழிலிருந்து போனவைன்னு தலைப்பு. நடுவுல ஒரு வரி: கசி, அதிலிருந்து கேஸ். சிலிண்டரிலிருந்து கசிவது, கண்ணுக்குத் தெரியாம கசிந்து பரவுவது, ஆகவே கேஸ். கீழே மூணு பேர் கைகூப்பியிருந்தாங்க.

உண்மையைச் சொல்லணும்னா, முதல் ரெண்டு நொடி எனக்கும் "அட" என்றுதான் தோன்றியது. ஒலி பொருந்துது, பொருளும் பொருந்துற மாதிரி இருக்கு. இந்த மாதிரிப் பட்டியல்களில் மாட்டிக்கொள்வது இப்படித்தான். ஒரு சொல்லின் வரலாறு என்பது அது யார் வாயிலிருந்து யார் வாய்க்குப் போச்சு என்கிற விஷயம். ஆனா நாம் பார்ப்பது இன்றைய தேதியில் இரண்டு ஒலிகள் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதை மட்டும்.

பெரும்பாலான சொற்களுக்கு முதல் வாய் யாருடையதுன்னு தெரியாது. "மரம்" என்று முதலில் சொன்னவர் யார்? யாருக்கும் தெரியாது, தெரியவும் போவதில்லை. அங்கே நாம் ஒலி மாற்ற விதிகளையும் உறவு மொழிகளையும் வைத்துக்கொண்டு பின்னோக்கி நடக்க வேண்டியதுதான். ஆனா கேஸ் அந்த வகையில்லை. இந்தச் சொல்லுக்கு ஒரு தகப்பன் இருக்கார், ஊர் இருக்கு, அவர் எழுதிவைத்த சாட்சியம் இருக்கு. வேதியியலில் இவ்வளவு தெளிவாகப் பிறப்புச் சான்றிதழ் உள்ள பழைய சொற்கள் குறைவு. அதில் ஒரு வேடிக்கை: சான்றிதழ் இருந்தும் ஐரோப்பாவில் பெரிய பெரிய ஆட்களே இதற்குத் தவறான அப்பா பெயரைச் சொல்லியிருக்காங்க. சித்தப்பா செய்த அதே தப்புதான்.

தகப்பனின் பெயர் யான் பாப்டிஸ்ட் வான் ஹெல்மோன்ட். 1580-ல் பிரஸ்ஸல்ஸில் பிறந்தவர். அப்போது அந்தப் பகுதி ஸ்பெயின் அரசின் கீழ் இருந்தது. இன்றைய வரைபடத்தில் பெல்ஜியம். வீட்டு மொழி டச்சு (அந்தப் பக்கத்துப் பேச்சைப் பிளெமிஷ் என்றும் சொல்வாங்க), எழுத்து பெரும்பாலும் லத்தீன். லுவன் பல்கலைக்கழகத்தில் படித்தார், மருத்துவர் ஆனார். பிறகு பிரஸ்ஸல்ஸுக்குப் பக்கத்தில் வில்வோர்டே என்ற ஊரில் வசதியான குடும்பத்தில் மணம் செய்துகொண்டு, வருஷக்கணக்கில் உலையும் குடுவையுமாக உட்கார்ந்துவிட்டார். தன்னை "நெருப்பால் கற்கும் தத்துவவாதி" என்று சொல்லிக்கொண்டவர். அந்தக் காலத்துப் பல்கலைக்கழகப் படிப்பின் மேல் அவருக்கு மரியாதையே கிடையாது.

திருச்சபையோடும் தகராறு. காயத்தை உண்டாக்கிய ஆயுதத்தின் மேல் மருந்து தடவினால் தூரத்தில் இருக்கும் காயம் ஆறும் என்று அன்று ஒரு நம்பிக்கை உண்டு. அதைத் தாங்கி அவர் எழுதிய நூல் 1621-ல் வெளிவந்தது. விசாரணை நீண்டுகொண்டே போய் 1634-ல் கைது, அப்புறம் வீட்டுக்காவல். அதனாலோ என்னவோ, முக்கியமான எழுத்துகள் அவர் உயிரோடு இருக்கும்வரை அச்சாகவில்லை. 1644-ல் இறந்தார். மகன் பிரான்சிஸ்கஸ் மெர்குரியஸ் காகிதங்களைத் திரட்டி 1648-ல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்டார். "ஓர்ட்டுஸ் மெடிசினே", அதாவது மருத்துவத்தின் உதயம், என்று அந்த லத்தீன் தொகுப்புக்குப் பெயர். ஜி-ஏ-எஸ் என்ற மூன்றெழுத்து உலகத்துக்குத் தெரியவந்தது இந்தப் புத்தகத்தில்தான்.

சரி, அவருக்கு ஏன் ஒரு புதுச் சொல் தேவைப்பட்டது?

அவர் காலத்தில் காற்று என்பது ஒன்றே ஒன்று. நிலம், நீர், நெருப்பு, காற்று என்ற நாலு பூதங்களில் ஒன்று. காற்று மாதிரி எது தெரிந்தாலும் அது காற்று. இல்லைன்னா நீராவி. அதுவும் இல்லைன்னா "ஸ்பிரிட்டுஸ்", ஆவி என்று மொத்தமாக ஒரு பெயர். வான் ஹெல்மோன்ட் 62 பவுண்டு ஓக் மரக் கரியை எரித்தார். மிஞ்சியது 1 பவுண்டு சாம்பல். மீதி 61 பவுண்டு எங்கே? நெருப்பில் பொருள் அழிந்துபோச்சு என்று அவர் சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்றாக அது வெளியேறியிருக்கு, அது காற்றும் அல்ல, நீராவியும் அல்ல என்றார். தராசைக் கையில் வைத்திருந்தவர் பேச்சு இது.

மூடிய கலத்தில் சூடாக்கினால் கரி எரிவதில்லை என்பதும் அவருக்குத் தெரிந்தது. அந்த "ஏதோ ஒன்று" வெளியே போக வழியில்லாவிட்டால் கலத்தையே உடைக்கும் என்பதும் தெரிந்தது. அதைப் பிடித்து வைக்க முடியாது, கண்ணுக்குத் தெரிகிற பொருளாக மறுபடி மாற்றவும் முடியாது. ஆகவே அதற்கு "சில்வெஸ்த்ரே" என்று அடைமொழி கொடுத்தார். காட்டுத்தனமான, அடங்காத என்று பொருள். லத்தீனில் காட்டுக்கு சில்வா என்று பெயர், அதிலிருந்து வந்த சொல். இதுவே திராட்சை ரசம் புளிக்கும்போதும் வருது, காடி சுண்ணாம்புப் பொருளில் பட்டால் நுரைத்துக்கொண்டு வருதே அதுவும் இதுதான், நேப்பிள்ஸ் பக்கத்தில் நாய்க் குகை என்று ஒரு குகையில் தரையோடு தேங்கி நாயை மயங்கி விழவைப்பதும் இதுதான் என்று அடுக்கினார். இன்றைக்கு நாம் கார்பன் டையாக்சைடு என்கிறோம். எல்லா இடத்திலும் அவர் சரியில்லை, அமிலத்தில் உலோகம் கரையும்போது வரும் வேறு வாயுக்களையும் இதே கூடையில் போட்டுவிட்டார். இருந்தாலும் எரியும் கரியையும் புளிக்கும் சாராயத்தையும் ஒரே பொருளால் இணைத்துப் பார்த்த முதல் கண் அவருடையது.

இதுவரை பெயரில்லாத ஒன்று, அதற்குப் புதுப் பெயர் வைக்கிறேன் என்று வெளிப்படையாகவே எழுதுகிறார். பெயர் கேஸ்.

ஏன் கேஸ்? இங்கேதான் சான்றிதழின் முக்கியமான வரி வருது. இன்னொரு இடத்தில், தண்ணீரிலிருந்து எழும் நுண்ணிய ஆவியைப் பற்றிப் பேசும்போது, வேறு பெயர் கிடைக்காத குறையில் இதை கேஸ் என்று சொன்னேன், இது பழையவர்களின் கேயாஸிலிருந்து அதிக தூரத்தில் இல்லை என்ற பொருள்பட எழுதியிருக்கார். கிட்டத்தட்ட மன்னிப்புக் கேட்கும் தொனி. ஆக, கேயாஸ் பக்கத்தில் நிற்கிற சொல் கேஸ் என்று படைத்தவரே கைகாட்டிவிட்டார்.

இதைப் படிக்கும் தமிழ்க்காரருக்கு "அட, கேயாஸ், கேஸ், நல்லா எதுகை மோனையா இருக்கே" என்று தோன்றலாம். கொஞ்சம் பொறுங்க. நாம் கேட்பது ஆங்கிலம் வழியாக வந்த உச்சரிப்பு. அதை வைத்து முடிவு செய்தால் நாமும் கசி கட்சிதான். வான் ஹெல்மோன்ட் காதில் என்ன கேட்டது என்பதுதான் கேள்வி.

டச்சு ஜி எழுத்தை ஆங்கில ஜி மாதிரி உச்சரிக்க மாட்டாங்க. தொண்டைப் பக்கம் நாக்கை நெருக்கி, முழுசா அடைக்காமல், உரசிக்கொண்டு வெளியே விடுகிற ஒலி. தமிழர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். "கல்" என்று சொல்லுங்க, பிறகு "மகன்" என்று சொல்லுங்க. இரண்டிலும் ககரம்தான், ஆனா மகனில் வரும் க முழுசா அடைபடுவதில்லை, இளகி ஹகரத்தின் பக்கம் சாய்கிறது. அந்த மகன்-ககரத்தைச் சொல்லின் தொடக்கத்தில் கொண்டுவந்து வைத்து, கொஞ்சம் உரசலைக் கூட்டினால் டச்சு ஜி. ஓவியர் வான் கோ பெயரை டச்சுக்காரர் சொல்லிக் கேட்டால் முதலில் இருமுகிறாரோ என்று நினைப்போமே, அந்த ஒலி.

கேயாஸின் கிரேக்க மூலத்தில் முதல் எழுத்து கி என்ற எழுத்து. டச்சுக்காரர்கள் அதையும் தொண்டை உரசலாகத்தான் சொல்கிறார்கள். இரண்டும் துல்லியமாக ஒன்றல்ல. வான் ஹெல்மோன்ட்டின் தென்பகுதிப் பேச்சில் ஜி கொஞ்சம் மென்மையாகவும் குரல் கலந்தும் ஒலிக்கும், மற்றது குரலில்லாமல் வறட்டு உரசலாக ஒலிக்கும். ஆனாலும் ஒரே வீட்டு அக்கா தங்கை. அவர் வாயில் "ஃகஸ்" என்பதும் "ஃகாவோஸ்" என்பதும் ஒரே இடத்தில் தொடங்கி ஒரே இடத்தில் முடிகிற சொற்கள். நடுவில் இருக்கும் உயிரை அழுத்திச் சுருக்கினால் ஒன்று மற்றதாகிவிடும். லத்தீன் பக்கத்தில் ஜி என்று எழுதிவிட்டதால், டச்சு தெரியாத வாசகருக்கு இந்த உறவு கண்ணில் படவில்லை. காதுக்கான சொல்லைக் கண்ணால் படித்ததன் விளைவு.

அடுத்த கேள்வி நியாயமானது. கேயாஸ் என்றால் குழப்பம்தானே, கண்ணுக்குத் தெரியாத காற்றுக்கும் குழப்பத்துக்கும் என்ன சம்பந்தம்? இதற்கு இரண்டு படி பின்னால் போகணும். கிரேக்கத்தில் அந்தச் சொல் முதலில் குழப்பத்தைக் குறிக்கவில்லை. வாய் பிளந்ததுபோன்ற வெறுமை, பிளவு, அகண்ட வெற்றிடம் என்பதுதான் பழைய பொருள். கொட்டாவி விடுவதற்கான வினையோடு உறவுள்ள சொல். எல்லாம் கலந்து கிடக்கும் ஒழுங்கற்ற குவியல் என்ற பொருள் பிற்பாடு, ரோமானியர் காலத்தில் வலுப்பெற்றது.

அதைவிட முக்கியமான படி பராசெல்சஸ். 1541-ல் இறந்த சுவிஸ் மருத்துவர், ரசவாதி. வான் ஹெல்மோன்ட் அவரை வரிக்கு வரி படித்தவர், பாதி சீடர், பாதி எதிரி. பராசெல்சஸ் கேயாஸ் என்ற சொல்லை ஒரு தனிப் பொருளில் பயன்படுத்தினார்: ஒரு உயிர் எதற்குள் வாழ்கிறதோ, எதைச் சுவாசித்துத் திரிகிறதோ, அந்த ஊடகம். மீனுக்கு நீர் எப்படியோ அப்படி மனிதனுக்குக் காற்று. பூமிக்கடியில் வாழும் குள்ளர்களுக்கு மண்ணே கேயாஸ், நமக்குக் காற்று கேயாஸ். அவர் எழுத்துகளைப் படித்து வளர்ந்த ரசவாத வட்டாரத்தில் கேயாஸ் என்றால் காற்று என்று புரிந்துகொள்வது சாதாரண விஷயம். நம் ஆள் அங்கிருந்துதான் எடுத்திருக்கார். காற்று இல்லை, ஆனா காற்றின் பக்கத்து வீடு. ஆகவே கேயாஸ் இல்லை, ஆனா கேயாஸின் பக்கத்து ஒலி. பொருளும் ஒலியும் ஒரே அளவு நகர்ந்திருக்கு பாருங்க. எனக்கு இதில் பிடித்த இடம் இதுதான்.

இனி தப்பான அப்பாக்கள்.

முதலாவது டச்சு "கேஸ்ட்", ஆவி என்று பொருள். ஜெர்மன் கைஸ்ட், ஆங்கில கோஸ்ட் எல்லாம் இதன் உறவு. வான் ஹெல்மோன்ட் தன் பொருளைக் காட்டு ஆவி என்று லத்தீனில் சொன்னாரே, ஆகவே ஆவியிலிருந்து வந்தது என்ற ஊகம். இதைச் சொன்னது யாரோ எவரோ இல்லை, லவாய்சியர். நவீன வேதியியலின் தந்தை என்று பாடப்புத்தகம் சொல்கிற அதே ஆள். 1774-ல் வெளியிட்ட நூலில், கேஸ் என்பது ஆவியைக் குறிக்கும் டச்சுச் சொல்லிலிருந்து வந்தது என்று எழுதி, ஆங்கில, ஜெர்மன் உறவுச் சொற்களையும் துணைக்கு அழைத்தார். அந்த டச்சுச் சொல்லை அவர் எழுதிய விதமே சரியான டச்சு இல்லை.

இரண்டாவது, நொதித்தல், நுரைத்தல் சம்பந்தமான சொற்கள். டச்சில் "கிஸ்டன்" என்றால் புளிப்பது, நொதிப்பது. ஜெர்மனில் நுரைக்கு இதே குடும்பச் சொல் ஒன்று உண்டு. திராட்சை ரசத்திலிருந்து வருகிற கேஸ்தானே முக்கிய உதாரணம், அதனால் இதுவும் காதுக்கு இனிமையாகத்தான் இருக்கு.

இரண்டையும் கசியோடு சேர்த்து ஒரே வரிசையில் நிறுத்தலாமா என்றால், நியாயமாகப் பார்த்தால் கூடாது. இவற்றுக்கு ஒரு மேன்மை உண்டு. வான் ஹெல்மோன்ட் டச்சு பேசியவர், இந்தச் சொற்கள் தினமும் அவர் வாயில் இருந்தவை. தொடர்பு சாத்தியம். கசி அவர் காதில் விழ வழியே இல்லை. லண்டனிலோ லுவனிலோ அன்று யார் தமிழ் பேசினார்கள் என்று கேட்டாலே அது முடிந்துபோகும். ஆனா சாத்தியம் வேறு, நடந்தது வேறு. ஆவியிலிருந்து வந்திருந்தால் அவர் அதைச் சொல்ல என்ன தடை? மறைக்க ஒன்றுமே இல்லை. நீண்ட உயிரைக் குறுக்கி, கடைசி ட் ஒலியை வெட்டி எறிந்திருக்கவும் காரணம் வேணும்.

"படைத்தவர் சொன்னதை அப்படியே நம்பலாமா, அவரே பிற்பாடு அலங்காரமாக ஒரு கதை கட்டியிருக்கலாமே" என்று கேட்டால், கேட்கவேண்டிய கேள்விதான். எழுத்தாளர்கள் தங்கள் சொற்களைப் பற்றிப் பொய் சொன்ன வரலாறு உண்டு. ஆனா இங்கே அவர் சாட்சியத்தை மூன்று விஷயங்கள் தாங்குது: பராசெல்சஸின் பழைய பயன்பாடு, டச்சு உச்சரிப்பு, பிறகு அவருடைய அந்தக் கூச்சமான தொனி. பெருமைக்காகக் கதை கட்டுகிறவர் வேறு பெயர் கிடைக்கலைன்னு சொல்ல மாட்டார். இன்றைய டச்சுச் சொற்பிறப்பு அகராதிகளும் கேயாஸ் பக்கமே நிற்கின்றன. அவர் மனசின் ஓரத்தில் கேஸ்ட்டின் எதிரொலி கொஞ்சம் இருந்திருக்குமா? இருந்திருக்கலாம். அதை யாரும் நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. சொற்பிறப்பு என்று எழுத அது போதாது.

ஒரு எச்சரிக்கை. மூலம் தெரிந்துவிட்டது என்பதற்காகப் பொருளும் தெரிந்துவிட்டதாக நினைக்கக் கூடாது. வான் ஹெல்மோன்ட்டின் கேஸ் நம்முடைய கேஸ் அல்ல. அவருக்கு உலகத்தின் மூலப்பொருள் நீர். எல்லாப் பொருளும் நீரின் வேடம். ஆகவே கேஸ் என்பது கடைசியில் நீரே, மிக மிக நுண்ணியதாகப் பிரிக்கப்பட்ட நீர். நீராவி மேலே போய்க் குளிரில் இன்னும் நுணுகினால் கேஸ் ஆகும் என்று நினைத்தார். திடம், திரவம், வாயு என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்த மூன்று நிலைக் கணக்கு அவரிடம் கிடையாது. அவர் மருத்துவர் என்பதால் வயிற்றுக்குள்ளும் தேடியிருக்கார். ஏப்பமாக வருவது சுடரை அணைக்கும், பெருங்குடலிலிருந்து வருவது சுடரில் பற்றிக்கொள்ளும், ஆகவே இரண்டும் வேறு வேறு கேஸ் என்று எழுதிவைத்தார். ஆக நம்ம ஊர்ப் பெரியவர் "கேஸ் ட்ரபுள்" என்று நெஞ்சைத் தடவும்போது, சொல்லைப் படைத்தவரின் பொருளுக்குச் சிலிண்டர் கம்பெனியைவிட அவரே பக்கத்தில் நிற்கிறார்.

கேஸோடு கூடவே இன்னொரு குழந்தையும் பிறந்தது. "பிளாஸ்". நட்சத்திரங்களிலிருந்து இறங்கி காற்றையும் பருவங்களையும் உடலையும் அசைக்கிற ஒரு இயக்க சக்திக்கு அவர் வைத்த பெயர். ஊதுவதற்கான டச்சு வினை "பிளாஸன்", அதன் சாயல் தெளிவாகத் தெரியுது. கேஸ், பிளாஸ் என்று எதுகையோடு ஜோடியாகத்தான் அவர் பயன்படுத்தினார். இன்று பிளாஸ் யாருக்கும் தெரியாது. அது குறித்த பொருள் உலகத்தில் இல்லை, ஆகவே சொல்லுக்கும் வேலை இல்லாமல் போச்சு.

கேஸுக்கும் உடனே வேலை கிடைத்துவிடவில்லை. நூறு வருஷத்துக்கு மேல் அரைத் தூக்கம். ராபர்ட் பாயில் வான் ஹெல்மோன்ட்டை மதித்துப் படித்தவர், ஆனாலும் காற்று என்றே எழுதினார். ஸ்டீபன் ஹேல்ஸ் 1727-ல் வெளியிட்ட நூலில், குழாய் வழியாக வாயுவைக் கொண்டுபோய் நீர் நிரம்பிக் கவிழ்த்த கலத்தில் பிடிக்கும் முறையை விவரித்தார். அடங்காத காட்டுப் பொருளுக்கு முதல்முறையாகக் கூண்டு கிடைத்தது. அந்தக் கூண்டை வைத்திருந்த அவரும் எல்லாவற்றையும் காற்று என்றே சொன்னார். ஜோசப் பிளாக் 1756-ல் அந்தக் கரி வாயுவையே திரும்பக் கண்டுபிடித்து "நிலைத்த காற்று" என்றார். கேவண்டிஷ் 1766-ல் "எரியும் காற்று" என்றார், நமக்கு ஹைட்ரஜன். பிரீஸ்ட்லி 1774-ல் ஆக்சிஜனைப் பிடித்துவிட்டு "பிளாஜிஸ்டன் நீங்கிய காற்று" என்று வாய் வலிக்கும் பெயர் ஒன்றைக் கொடுத்தார்.

பார்த்தீங்களா, நெருக்கடி முற்றுது. ஒரே காற்று என்ற கொள்கை உடைந்து, வகை வகையான காற்றுகள் வந்துவிட்டன. நாம் சுவாசிக்கும் காற்றே ஒரு கலவைதான் என்றும் தெரிந்துபோச்சு. இப்போது காற்று என்ற சொல் கலவைக்கா, கூறுகளுக்கா? பிரான்சில் மக்கேர் தன் வேதியியல் அகராதியில் பழைய கேஸைத் தூசிதட்டி எடுத்தார். லவாய்சியரும் கூட்டாளிகளும் 1787-ல் வேதியியல் பெயர்களை மொத்தமாகத் திருத்தி அமைத்தார்கள். 1789-ல் வந்த லவாய்சியரின் பாடநூலில் கேஸ் என்பது ஒரு குறிப்பிட்ட பொருளின் பெயராக இல்லாமல், எந்தப் பொருளும் போதிய வெப்பத்தோடு சேர்ந்து அடையக்கூடிய நிலையின் பெயராக நின்றது. காற்று கலவைக்கு, கேஸ் நிலைக்கு. சொல்லின் பூர்வீகத்தைத் தப்பாகச் சொன்ன அதே கைதான் அதற்கு நிரந்தர உத்தியோகமும் வாங்கிக்கொடுத்தது. மூலம் தெரியாமலேயே ஒரு சொல்லைச் சரியாகப் பயன்படுத்தலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

மற்ற மொழிகளுக்கு இது பரவியது பிரெஞ்சு, ஆங்கிலம் வழியாகத்தான். ஒரு விதிவிலக்கு ஜப்பான். அங்கே நெடுங்காலம் ஐரோப்பியரில் டச்சுக்காரர்களுக்கு மட்டுமே வணிக அனுமதி, ஆகவே மேலை அறிவியல் டச்சுப் புத்தகங்கள் மூலம் போய்ச் சேர்ந்தது. ஜப்பானிய "காசு" நேரடியாக டச்சிலிருந்து போனது. அதை எழுத, ஓடு என்று பொருள்படும் ஒரு எழுத்தையும் இன்னொன்றையும் ஒலிக்காக மட்டும் சேர்த்துக்கொண்டார்கள். அந்த எழுத்து ஜோடி பிறகு சீனத்துக்கும் போய், தைவானில் இன்றும் சமையல் வாயுவுக்கு அதுதான் பெயர். எழுத்தைப் பார்த்து மூலம் தேடும் ஒருவர் அங்கே கூரை ஓட்டுக்கும் வாயுவுக்கும் ஒரு கதை கட்டலாம். கட்டியிருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

சொந்த ஊரில் என்ன ஆச்சு? 1784-ல் லுவனில், வான் ஹெல்மோன்ட் படித்த அதே பல்கலைக்கழகத்தில், மாஸ்ட்ரிக்ட்காரரான யான் பீட்டர் மின்கெலர்ஸ் என்ற பேராசிரியர் நிலக்கரியிலிருந்து எரிவாயு எடுத்துக்காட்டினார். அடுத்த வருஷம் தன் வகுப்பறையையே அதில் விளக்கேற்றினார் என்பார்கள். ஆனா கண்டுபிடிப்பை விவரித்து அவர் பிரெஞ்சில் எழுதிய நூலின் தலைப்பில் இருப்பது "எரியும் காற்று"! சொல் பிறந்த மண்ணில், அந்தப் பொருளையே கையில் வைத்துக்கொண்டு, அந்தச் சொல்லைத் தலைப்பில் போடாமல் விட்டார்.

தமிழில் இந்தப் பிரிவினை எப்படி நடந்தது என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். வாயு, வளி, காற்று என்று மூன்று சொற்கள் நம்மிடம் ஏற்கெனவே இருந்தன, மூன்றுக்கும் ஏறக்குறைய ஒரே பொருள். இலங்கைப் பாடப்புத்தகங்களில் வளி என்றால் நாம் சுவாசிக்கும் கலவை, வாயு என்றால் கேஸ் என்று கறாராகப் பிரித்துக்கொண்டார்கள். இங்கே தமிழ்நாட்டில் காற்று, வாயு என்று பிரித்தோம். லவாய்சியர் இரவல் வாங்கிச் செய்த வேலையை வீட்டில் இருந்ததை வைத்தே முடித்துக்கொண்டோம். அப்புறம் சிலிண்டரோடு கேஸும் வந்து சேர்ந்தது.

வான் ஹெல்மோன்ட்டைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் படித்தவர்களுக்கு வேறொன்று ஞாபகம் வரும். வில்லோ மரம். உலர்த்திய மண் 200 பவுண்டு எடுத்துத் தொட்டியில் போட்டு, 5 பவுண்டு எடையுள்ள கன்றை நட்டு, ஐந்து வருஷம் மழைநீரோ காய்ச்சி வடித்த நீரோ மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டு சொச்சம் ஆச்சு. மண்ணில் குறைந்தது சுமார் 2 அவுன்ஸ். ஆகவே 164 பவுண்டு மரம் முழுக்க நீரிலிருந்தே வந்தது என்று முடிவு கட்டினார். கணக்கில் பிழையில்லை, ஒரு வரவு மட்டும் விட்டுப்போச்சு. காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன். அது வந்தது காற்றில் கலந்திருக்கும் கார்பன் டையாக்சைடிலிருந்து. அதாவது கரி எரியும்போது வெளியே போகிறது என்று அவர் கண்டுபிடித்துப் பெயர் வைத்த அதே கேஸ், ஐந்து வருஷமும் அவர் கண்ணெதிரே இலை வழியாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. சில்வெஸ்த்ரே, காட்டுப் பொருள் என்று அவர் வைத்த அடைமொழி அவர் நினைத்த அர்த்தத்தில் இல்லாமல் நேர்ப்பொருளிலேயே சரியாக இருந்திருக்கு.

இதையெல்லாம் நாலு வரியாகச் சுருக்கிக் குழுவில் போட்டேன். ரொம்ப நேரம் பதிலே இல்லை. ராத்திரி பத்து மணிக்குச் சித்தப்பா எழுதினார்: "சரிப்பா, ஒத்துக்கிறேன். பட்டியல்ல மிச்சம் பதினாலு இருக்கே, அதையும் பாத்துச் சொல்லு."